டிராகனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் மேஜையில் ஒரு சின்னச் சண்டை. நாங்கள் நான்கு பேர். இரண்டு வருடமாக ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். கதையை நடத்தும் வேலை, அதாவது கேம் மாஸ்டர் வேலை, என்னுடையது. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம். என் தோழி ஆடிய பாத்திரம் ஒரு சிவப்பு டிராகன் எரித்துப்போட்ட கிராமத்திலிருந்து தப்பியவர்களின் நான்காம் தலைமுறை. ஊர் எரிந்து நூற்று நாற்பது வருடம். அந்த டிராகனைத் தேடி அவள் ஏழு மாதம் ஆடியிருந்தாள். நிஜமாகவே ஏழு மாதம், வாரம் ஒரு ஞாயிறு.

குகைக்குள் போனதும் வாளை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. “எங்க ஊரை ஏன் எரிச்ச?” என்று கேட்டாள்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஒரு பாத்திரத்தால் ஒன்றைச் செய்ய முடியுமா, ஒன்று அதற்குத் தெரியுமா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, வரும் எண்ணோடு அந்தத் திறனுக்குரிய எண்ணைக் கூட்டுவோம். கேம் மாஸ்டர் வைத்த இலக்கைத் தொட்டால் வெற்றி. டிராகனின் ‘வரலாறு’ திறனைத் தேடினேன். அப்படி ஒன்று இல்லை. இல்லையென்றால் வெறும் அறிவுக்கான எண்ணைக் கூட்ட வேண்டும், அது +3. இலக்கு 15 என்று வைத்து உருட்டினேன். நான்கு விழுந்தது. ஆக மொத்தம் ஏழு. விதிப்படி டிராகனுக்கு ஞாபகம் இல்லை. “எந்த ஊர்?” என்று டிராகன் குரலில் கேட்டேன்.

தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் தம்பிதான் ஆரம்பித்தான். “அண்ணா, அதுக்கு நானூறு வயசுன்னு நீங்கதானே சொன்னீங்க? அது எரிச்ச ஊரு அதுக்கே தெரியாதா?” விதி அப்படித்தான் இருக்கு என்றேன். “அப்போ உங்க விதி தப்பு” என்றான். அன்றைக்கு ஆட்டம் அங்கேயே நின்றது.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தேன். ஆட்டத்தின் விதிப்புத்தகத்தைப் போய் யாராவது இலக்கியம் மாதிரி வாசிப்பாங்களா என்று கேட்கலாம். நான் வாசிக்கிறேன். ஒவ்வொரு மிருகத்துக்கும் புத்தகத்தில் ஒரு கட்டம் உண்டு. ஸ்டாட் பிளாக் என்பார்கள். ஒரு உயிரைப் பற்றி அரைப் பக்கத்தில் என்ன சொல்லலாம், எதை விடலாம் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்த எழுத்து அது. அதில் விடுபட்டதும் அர்த்தம் உள்ளதுதான்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு மான்ஸ்டர் மேனுவலில் வயதுவந்த சிவப்பு டிராகனின் கட்டம் இப்படி: உயிர்ப்புள்ளிகள் 256. கவசம் 19. தீ மூச்சு, பதினெட்டு ஆறுமுகப் பகடை. திறன்கள் என்ற வரியில் இரண்டே சொற்கள்: பெர்செப்ஷன் +13, ஸ்டெல்த் +6. கூர்ந்து கவனிக்கும், சத்தமில்லாமல் பதுங்கும், அவ்வளவுதான். அதே புத்தகம் இந்த டிராகனின் வயது 101 முதல் 800 வரை இருக்கலாம் என்கிறது. எண்ணூறைத் தாண்டினால் அது ‘பழம்பெரும்’ டிராகன். அதற்கும் அதே இரண்டு திறன்தான், எண்கள் மட்டும் கொஞ்சம் கூடும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழம்பெரும் சிவப்பு டிராகனின் அறிவு 18, வரலாற்றுக்கு அது தருவது +4. நேற்று ஆட்டத்துக்கு வந்த முதல்நிலை மந்திரவாதி, அறிவு 16, வரலாறு படித்தவன், அவனுக்கு +5. மூன்று நான்கு வருடம் ஏதோ ஒரு கோபுரத்தில் உட்கார்ந்து படித்த பையனுக்கு, எட்டு நூற்றாண்டை நேரில் பார்த்த ஒரு உயிரைவிட அந்த எட்டு நூற்றாண்டைப் பற்றி அதிகம் தெரிகிறது. இதை முதலில் சிரித்துக்கொண்டேதான் நோட்டில் எழுதினேன். இன்னொரு எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. எதிராளி பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிக்கும் திறன் இன்சைட். வயதுவந்த சிவப்பு டிராகனுக்கு அது +1. வாயாடிப் பாணன் ஒருவன் முதல் நாளிலேயே அதை ஏமாற்றிவிட்டு வரலாம்.

நியாயமாகப் பார்த்தால் எல்லா டிராகனும் இப்படி இல்லை. பச்சை டிராகனுக்கு ஏமாற்றவும் இணங்க வைக்கவும் தெரியும், இன்சைட் +7 இருக்கிறது. வெள்ளி டிராகனுக்கு வரலாறு உண்டு. அதாவது எழுதியவர்களுக்கு டிராகன் பேசும் என்பது தெரியும். பேசும் வேலையைச் சில நிறங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, சிவப்புக்கு நெருப்பை மட்டும் வைத்தார்கள். ஒரு சண்டை சராசரியாக மூன்று நான்கு சுற்று நடக்கும், அதற்குள் செத்துப்போகப் போகிற உயிருக்கு வரலாறு எதற்கு என்ற எண்ணம் அந்தக் கட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. (2025இல் புது மான்ஸ்டர் மேனுவல் வந்துவிட்டது, டிராகன்களுக்கு மந்திரங்களும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் மேஜையில் இன்னும் பழையதுதான். காசு கொடுத்து வாங்கியது.)

முன்னால் இப்படி இருக்கவில்லை. மூன்றாம் பதிப்பு 2000இல் வந்தது. 2003இல் அதைத் திருத்தி 3.5 என்று வெளியிட்டார்கள். அதில் மிருகங்களுக்கும் மனிதப் பாத்திரங்களைப் போலவே திறன்புள்ளிகள் உண்டு. டிராகனுக்குச் சூத்திரம்: ஆறோடு அறிவு எண்ணைக் கூட்டி, அதை உயிர்ப்பகடையின் எண்ணிக்கையோடு மூன்று சேர்த்துப் பெருக்க வேண்டும். வயதுவந்த சிவப்பு டிராகனுக்கு 22 உயிர்ப்பகடை, அறிவு அதே 16. ஒன்பது பெருக்கல் இருபத்தைந்து, 225 புள்ளிகள். ஒரு திறனில் அதிகபட்சம் 25 வைக்கலாம் என்பதால் ஒன்பது திறன்கள் முழுதாக நிரம்பும். வரலாற்றில் வைத்தால் +28. அதே மிருகம், அதே அறிவு, ஒரு பதிப்பில் 28, இன்னொன்றில் 3.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. எல்லா டிராகனுக்கும் பொதுவான திறன்கள் போக, ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகச் சிலவற்றைச் சேர்த்திருந்தார்கள். கறுப்புக்கு நீச்சல். தங்க டிராகனுக்கு மாறுவேடம், வைத்தியம். சிவப்புக்கு மூன்று: பசப்பு, தாவல், அப்ரைசல். அப்ரைசல் என்றால் பொருளைப் பார்த்து மதிப்புச் சொல்லுதல், அடகுக்கடைக்காரர் செய்வது. தங்கக் குவியல்மேல் படுத்திருக்கும் உயிருக்கு அந்தக் குவியலில் ஒவ்வொன்றும் என்ன விலை என்று தெரியும். ஒரே ஒரு சொல்லில் ஒரு சுபாவம் முழுதாக வந்துவிடுகிறது. பேராசை என்று வர்ணித்து மூன்று பத்தி எழுதினாலும் இது வராது.

அதற்காக 3.5 பதிப்பைக் கொண்டாடவும் என்னால் முடியாது. அதை நடத்திய காலத்தில் மூத்த டிராகன் ஒன்றுக்குத் திறன்புள்ளி ஒதுக்குவதற்கே எனக்கு ஒரு சாயங்காலம் போகும். சிவப்பில் ஆகப் பெரியதுக்கு 40 உயிர்ப்பகடை, அறிவு 26, மொத்தம் 602 புள்ளிகள். கால்குலேட்டரோடு உட்கார்ந்து பிரித்துப் பிரித்து எழுதி, ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் அதில் இரண்டு திறன்கூடப் பயன்பட்டிருக்காது. அதைவிடப் பெரிய குறை, பொய்யைப் பிடிக்கும் திறன் +28 இருக்கிற டிராகனோடு சாதாரண ஆள் பேசவே முடியாது. எந்தப் பொய்யும் செல்லாது. ஐந்தாம் பதிப்பில் எல்லாப் பொய்யும் செல்லும். இரண்டிலும் உரையாடல் செத்துப்போகிறது.

பேச்சுதானே, விடுங்க என்று சொல்ல முடியாததற்குக் காரணம், டிராகன் என்ற உருவம் இந்த ஆட்டத்துக்கு வந்த வழியே பேச்சின் வழி. வட ஐரோப்பியப் பழம்பாடல் ஃபாஃப்னிஸ்மாலில் சிகுர்து குழிக்குள் ஒளிந்திருந்து டிராகனைக் குத்துகிறான். குத்தியதும் கதை முடிவதில்லை. செத்துக்கொண்டிருக்கும் ஃபாஃப்னிர் நீ யார் என்று கேட்க, சாகிறவனின் சாபத்துக்குப் பயந்து அவன் முதலில் பெயரை மறைக்கிறான். அப்புறம் கொன்றவன் கேள்வி கேட்கிறான், சாகிறது பதில் சொல்கிறது. தேவதைகளைப் பற்றி, விதியைப் பற்றி. டோல்கீன் 1937இல் ‘தி ஹாபிட்’டில் எழுதிய ஸ்மாக் இதன் பேரப்பிள்ளை. பில்போ தன் பெயரைச் சொல்லாமல் விடுகதை விடுகதையாகப் பேசித் தப்பிக்கிறான். ஆனால் அந்த விடுகதைகளில் பீப்பாய் என்று ஒரு சொல் வருகிறது. அந்த ஒரு சொல்லை வைத்து, இவனுக்கு ஏரி ஊர்க்காரர்கள் உதவியிருக்கிறார்கள் என்று ஸ்மாக் ஊகித்து, ஏரி ஊரை எரிக்கப் பறக்கிறது. இன்சைட் +1 இருக்கிற டிராகனால் அதைச் செய்ய முடியாது. அந்த எண்ணை வைத்து விளையாடினால் ‘தி ஹாபிட்’டின் இரண்டாம் பாதியே நடக்காது.

பேவுல்ஃபில் வரும் டிராகன் பேசாது. அது முந்நூறு வருடம் புதையலைக் காக்கிறது. ஒருத்தன் ஒரே ஒரு கோப்பையைத் திருடிவிடுகிறான். அது தெரிந்துதான் எழுகிறது, ஊரை எரிக்கிறது. ஸ்மாக்கும் ஒரு கோப்பை காணாமல் போனதைக் கண்டுபிடிக்கிறது. அடகுக்கடைத் திறன் என்று நான் சொன்னது அங்கிருந்து வருகிறது.

“நீயே முடிவு பண்ணிச் சொல்லியிருக்கலாமே, எதுக்கு உருட்டின?” என்று அலுவலக நண்பன் கேட்டான். எங்கள் குழுவில் மூன்றாவது ஆள் அவன். சரியான கேள்வி. கேம் மாஸ்டருக்கு அந்த உரிமை உண்டு, பலர் அப்படித்தான் நடத்துகிறார்கள். ஆனால் ஒரு திறன் கட்டத்தில் எழுதியிருந்தால்தான் அதைப் பயன்படுத்தும் ஆசை எனக்கு வருகிறது. அவசரத்தில் கண் போகும் இடம் அந்த வரிதான். அங்கே கவனிப்பும் பதுங்கலும் மட்டும் இருந்தால் நான் நடத்தும் டிராகன் கவனிக்கும், பதுங்கும். என் கற்பனை அவ்வளவு சுதந்திரமானது என்று நம்ப ஆசைதான், அன்றைக்கு அது சுதந்திரமாக இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1982இல் ஸ்வீடனில் தொடங்கிய ‘டிராகார் ஓக் டெமோனர்’ என்ற ஆட்டம் 2023இல் ‘டிராகன்பேன்’ என்று ஆங்கிலத்தில் வந்தது. அதில் பெரும் மிருகங்களுக்குத் திறனே கிடையாது. ஆறுமுகப் பகடையை உருட்டினால் அது என்ன செய்கிறது என்று அட்டவணை சொல்லும். குறி தவறவே தவறாது. இடி மின்னலுக்கு எதற்குத் திறன்? நேர்மையான அழகியல் அது. ஆனால் என் தோழி மின்னலிடம் கேள்வி கேட்க வரவில்லை.

ஆகவே நானே விதியைத் திருத்த உட்கார்ந்தேன். அதற்குத் தடையும் இல்லை. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், சிவப்பு டிராகனும் அதில் அடக்கம்.

முதல் திருத்தம் படுதோல்வி. 3.5இன் பட்டியலை அப்படியே ஐந்தாம் பதிப்பின் எண்களுக்கு மாற்றினேன். வரலாறு +15, இன்சைட் +7, அப்ரைசல் +15, இன்னும் ஐந்தாறு. தனியாக ஒரு சோதனை ஆட்டம் வைத்தோம், வேறொரு டிராகன். அது நாற்பது நிமிடம் பேசியது. பழைய அரச வம்சங்கள், எல்லைப் போர்கள், எல்லாம் தெரிந்த டிராகன். தம்பி நடுவில் எழுந்து டீ போடப் போய்விட்டான். எல்லாம் தெரிந்த உயிர் ஒரு கலைக்களஞ்சியம். அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதனோடு பேச முடியாது.

வழி காட்டியது ரொம்பப் பழைய விதி ஒன்று. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில் திறன்களே இல்லை. ஆனால் ஒவ்வொரு நிற டிராகனுக்கும் அது பேசக்கூடியதாக இருக்க இத்தனை சதவீதம், நீங்கள் போகும்போது தூங்கிக்கொண்டிருக்க இத்தனை சதவீதம் என்று இருந்தது. வெள்ளை 60 சதவீதம் தூக்கம், சிவப்பு 20. தூங்கும்போது அடிக்கலாம் என்பதற்காக வைத்த விதி. (அடித்து அடக்கிப் பிடித்துச் சந்தையில் விற்கவும் விதி இருந்தது. அந்தக் காலத்து டிராகனின் நிலைமை அப்படி.) எனக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. நூறு வருடத்தில் இருபது வருடம் தூங்குகிற உயிரின் ஞாபகத்தில் இருபது வருட ஓட்டை இருக்கும். உங்கள் கேள்வி எந்தப் பத்தாண்டைப் பற்றியதோ அதற்கு ஒரு நூறு முகப் பகடை, இருபதோ அதற்குக் கீழோ விழுந்தால் டிராகன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை டிராகனுக்குப் பாதிக்கு மேல் உலகமே தெரியாது. இந்த ஒரு உருட்டல் டிராகனுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் எரிந்த ஊர் தூக்கத்தில் எரிந்ததல்ல. அது விழித்திருந்து எரித்தது. அதை ஞாபகம் வைத்திருக்குமா? இங்கேதான் நான் பல வாரம் நின்றேன். தம்பி சொன்னதுபோல நிச்சயம் ஞாபகம் இருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவனைவிட அந்தப் பகடை சரியாகச் சொன்னதோ என்று தோன்றியது. எரிந்தவர்களின் பேரப்பிள்ளைக்கு அந்த நாள்தான் முழு உலகம். எரித்ததற்கு அது ஒரு வேனில்காலத்து மதியம். ஸ்மாக்கே தான் அழித்த நகரத்தைப் பற்றிப் பெருமையடிக்கும்போது சொல்லும் பெயர் அந்த நகரத்தின் தலைவனுடையது. செத்த மற்ற பெயர்கள் அதற்குத் தெரிய வழியில்லை. அதே சமயம் ஒரு கோப்பை குறைந்தால் அதற்குத் தெரியும்.

ஆக, விதியை இப்படி எழுதினேன். தன் குவியலில் இருக்கும், இருந்த எந்தப் பொருளைப் பற்றியும் டிராகனுக்குப் பகடை தேவையில்லை, எல்லாம் தெரியும். தான் கொன்ற தலைவர்களைப் பற்றி இலக்கு 10. மற்றபடி தான் அடுத்தவர்களுக்குச் செய்ததைப் பற்றிக் கேட்டால் இலக்கு 20, கூட்டுவதற்கு வெறும் +3. கேட்பவர் அந்தக் குவியலிலிருந்தே சம்பந்தப்பட்ட பொருள் ஒன்றைக் காட்டினால் அந்த உருட்டல் வேண்டாம், பொருள் வழியாக எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும். இன்சைட்டைப் பச்சை டிராகனைப் போல +7 ஆக்கினேன். அப்புறம், மற்றவர்களின் முறை முடிந்ததும் டிராகன் செய்யக்கூடிய சிறப்புச் செயல்கள் மூன்றில் ‘டிடெக்ட்’ என்று ஒன்று உண்டு, சுற்றிலும் கவனித்துப் பார்ப்பது. அதை எடுத்துவிட்டு ‘கேள்’ என்று வைத்தேன். ஒரு பதில் சொன்னால் டிராகன் ஒரு கேள்வி கேட்கும். ஃபாஃப்னிரிடம் கடன் வாங்கியது.

எல்லாம் சேர்ந்து ஏழு வரி. கட்டத்தில் இடம் பற்றவில்லை, ஓரத்தில் எழுதினேன். தமிழில் எழுதும்போது டிராகனுக்கு என்ன சொல் என்று ஒரு விவாதம் வந்தது. தமிழ் பைபிளில் வலுசர்ப்பம் என்று நல்ல கனமான சொல் இருக்கிறது. ஒரு வாரம் முயன்றோம், யார் வாயிலும் நிற்கவில்லை.

இந்த விதியில் ஓட்டைகள் உண்டு. நண்பன் முதல் நாளே ஒன்றைக் கண்டுபிடித்தான்: குவியலிலிருந்து எதையாவது எடுத்துக்காட்டிக்கொண்டே இருந்தால் டிராகனிடமிருந்து எல்லாத் தகவலையும் கறந்துவிடலாமே? கறக்கலாம்தான். ஒவ்வொரு முறையும் அதன் சொத்தைக் கையால் தொட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவன் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றான்.

நின்றுபோன ஆட்டத்தை டிசம்பரில் மறுபடி எடுத்தோம். தோழிக்குப் புதிய விதியை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், மறைத்து வைப்பது நியாயமாகப் படவில்லை. அவள் பாத்திரம் டிராகனோடு பேசாமல் குவியலைச் சுற்றி நடந்தது. மற்ற இருவரும் டிராகனின் கேள்விகளுக்கு மாற்றி மாற்றிப் பதில் சொல்லி நேரம் வாங்கிக் கொடுத்தார்கள். தம்பி ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டான், அவன் கேடயம் உருகியது. கடைசியில் அவள் ஒரு வெள்ளிக் கரண்டியை எடுத்தாள். அவள் பாத்திரத்தின் வீட்டில் அதன் ஜோடி இருக்கிறது என்று ஏழு மாதத்துக்கு முன்பு அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். நான் மறந்துவிட்டிருந்தேன்.

டிராகன் சொன்னது: அது நாலாவது மேட்டில் இடது பக்கம் இருந்தது. எடை இவ்வளவு. பிடியில் ஒரு பல்தடம், குழந்தையுடையது, அதனால் விலை கொஞ்சம் குறையும். கிடைத்தது ஒரு வேனில்காலத்தில், ஒரு வீட்டின் அடுப்படியில்.

“யார் வீடு?” என்றாள்.

புத்தகத்தைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. “தெரியாது” என்றேன். இப்போது டிராகனின் முறை, அது ஒரு கேள்வி கேட்க வேண்டும். என்ன கேட்கும் என்று நானும் யோசித்து வைத்திருக்கவில்லை. “எந்த ஊர்?” என்று கேட்டது.

போன தடவை கேட்ட அதே கேள்விதான். இந்தத் தடவை அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். அப்புறம் அந்த வீட்டுக்காரர்களின் பெயர்கள், அவளிடம் இருந்த ஒரு தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக. பதினொரு பெயர். தம்பி போன் வந்தும் எடுக்கவில்லை. கட்டத்தின் ஓரத்தில் இடம் தீர்ந்துவிட்டதால், அவற்றைப் பின்பக்கம் திருப்பி பென்சிலால் எழுதி வைத்தேன். இனி அந்த டிராகனுக்கு இவை பகடை இல்லாமலேயே தெரியும்.